ஏழாம் இலக்கப் போத்தல்

திங்கட்கிழமை காலைகளில் நோபல் பார்க் நிலையத்தில் நித்தியானந்தனோடு ரயில் ஏறியவர்களுக்கு, அவனுடைய தோற்பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஒருவரும் பக்கத்தில் நின்றிருக்கமாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் ஆராய்ச்சிக் குறிப்புப் புத்தகத்துக்கும் நடுவில் ஒரு பழைய ஜாம் போத்தல். மூடியை இறுக்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி, இரண்டு ரப்பர் வளையம் போட்டது. உள்ளே இருந்தது அவன் மனைவி சிவனேஸ்வரியின் சிறுநீர்.

"உலகத்திலை எந்தப் பெண்சாதியாவது புருசனுக்கு இப்பிடியொரு சாமானைக் கட்டிக் குடுத்து வேலைக்கு அனுப்புவாளோ?" என்று முதல் திங்கட்கிழமை குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு அவள் கேட்டாள்.

"விஞ்ஞானத்துக்கப்பா."

"விஞ்ஞானத்துக்கு வேற ஆற்றையும் சலம் கிடைக்கேல்லையோ?"

கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. அது 1974ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவில் தலையிடித் தூள் மில்க் பார் என்ற மூலைக்கடையில் பாலோடும் பாணோடும் பத்திரிகையோடும் விற்றது. கடதாசியில் மடித்த வெள்ளைத் தூள். தேநீர் குடிக்கும்போது ஒன்று, பிள்ளைகள் கத்தினால் ஒன்று, ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒன்று. இப்படி வருடக்கணக்காக விழுங்கிய பெண்கள் நாற்பது வயதில் சிறுநீரகம் சுருங்கி ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார்கள். தூளில் இருந்த பினசெற்றின் என்ற மருந்தின்மேல்தான் சந்தேகம். அதைப் பற்றி ஆராய்வதுதான் நித்தியானந்தனின் வேலை. இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு மெல்பேர்ன் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வந்து சேர்ந்தவன்.

வாரத்தில் மூன்று நாள் எலிகளோடு இருப்பான். அவற்றுக்குத் தூளைக் கொடுத்துச் சிறுநீரகத்தைக் கெடுத்து, பிறகு அதைக் காப்பாற்ற ஒரு மருந்து தேடுவான். புதன்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் பெண்களின் கட்டிலருகே இருந்து, நாளுக்கு எத்தனை தூள் எடுத்தீர்கள் என்று கேட்பான். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: இடைக்கிடை ஒன்று. எல்லாரும் பொய் சொல்வார்கள். அதனால் அவன் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தான். எத்தனை என்று கேட்கக்கூடாது. ஒரு பெட்டி எத்தனை நாளைக்குக் காணும், எத்தனை நாளில் முடியும் என்று கேட்கவேண்டும். அதற்குப் பொய் சொல்ல ஒருவருக்கும் தோன்றாது. மூன்று நாள் என்று பதில் வந்தால், இருபத்துநான்கு தூள் கொண்ட பெட்டியை மூன்றால் பிரிக்க நாளுக்கு எட்டு. அந்தத் தந்திரத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வாயை நம்பாமல் சிறுநீரையே கேட்பதற்கு ஒரு சோதனையையும் அவன் திருத்தி அமைத்துக்கொண்டிருந்தான். சிறுநீரை அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் இரண்டு கரைசல்களைச் சேர்க்கவேண்டும். தூள் எடுத்தவருடையது என்றால் குழாய் நீலமாகும். எடுக்காதவருடையது மஞ்சளாகவே இருக்கும். மஞ்சளாக இருப்பதையும் காட்டினால்தான் நீலத்தை உலகம் நம்பும். அதற்குத் தூளைத் தொடாத, நோயாளிகளின் வயதை ஒத்த பெண்கள் வேண்டும். ஆராய்ச்சிக்கூடங்களில் இப்படி வேண்டும்போது வீட்டு ஆட்களைப் பிடிப்பதுதான் வழக்கம். ஆனால் உதவியாளர் ஜோன் நாளுக்கு இரண்டு எடுக்கிறவள். தட்டச்சுக்காரி மூன்று. பேராசிரியரின் மனைவியைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்று பேராசிரியரே சொல்லிவிட்டார். தூள் எடுக்காத பெண் அந்த ஊரில் குதிரைக்கொம்பாக இருந்தாள்.

"என் மனைவி இருக்கிறாள்," என்றான் நித்தியானந்தன். "ஒரு மாத்திரைகூடப் போடமாட்டாள். எங்கள் பெண்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது."

எங்கள் பெண்கள் என்று சொல்லும்போது அவன் நெஞ்சு சற்று நிமிர்ந்தது. ஜோன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எப்படியோ தேடிப் பிடித்த ஆறு பேர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தார்கள். சிவனேஸ்வரி ஏழாம் இலக்கம்.

இந்தச் சோதனை சரிவரவேண்டும் என்பதில் அவனுக்கு விஞ்ஞானத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அவர்களுடைய மகள் கமலினி கொழும்பில், சிவனேஸ்வரியின் தமக்கை ராதா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். 1971இல் இங்கே வரும்போது பிள்ளைக்கு மூன்று வயது. வேலை ஒரு வருடத்துக்குத்தான். ஒரு வருட வேலைக்குப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே நடுத்தெருவில் நிற்பதா, மூன்று வருடத்துக்கு உறுதியான பிறகு கூப்பிடலாம் என்று முடிவு செய்தவன் அவன்தான். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் இன்னொரு வருடம் என்றுதான் கடிதம் வந்தது. இந்த முறை பேராசிரியர் தெளிவாகச் சொல்லியிருந்தார். யூன் மாதக் கூட்டத்துக்குள் சோதனை ஒழுங்காக வேலைசெய்தால் மூன்று வருடம். இல்லையென்றால் அவ்வளவுதான்.

சிவனேஸ்வரி அந்த முடிவை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் கணிதம் படிப்பித்தவள். இங்கே அவளுடைய சான்றிதழை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் தனியே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று டாண்டினோங்கில் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போய்ச் சட்டைக் கழுத்துப்பட்டி தைத்தாள். ஐம்பது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் இரையும் கொட்டகை. கழிப்பறைக்கு எழுந்தால் மேற்பார்வையாளன் மணிக்கூட்டைப் பார்ப்பான் என்று, காலையிலிருந்து பின்னேரம் வரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை.

வந்த புதிதில் தலையிடி என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு முறையோ மூன்று முறையோ. "கண்ணைச் சோதிச்சுப் பாரும்," என்று ஒரு முறை சொன்னான். "குளிருக்கு அப்பிடித்தான் இருக்கும்," என்று இன்னொரு முறை. மூன்றாவது முறை என்ன சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை. அதன்பிறகு அவள் சொல்லவில்லை. தலையிடி போய்விட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான். படித்த மனிதர்கள் சில விஷயங்களில் இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவள் கமலினிக்கு வான்கடிதம் எழுதுவாள். நீலத் தாளின் மூன்று பக்கமும் பொடி எழுத்தாக நிரப்பி, அடியில் இரண்டு வரி இடம் விட்டு அவனிடம் நீட்டுவாள். அவன் எப்போதும் ஒன்றையே எழுதுவான்: "அப்பாவுக்கு வேலை கூட. நன்றாகப் படிக்கவும்." அவள் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பைப் ஓடும் சத்தம் கேட்கும். அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அழுது முடித்து வரட்டும் என்று பத்திரிகையை விரிப்பான். அழுகை மட்டும்தான் என்றே அவன் நினைத்திருந்தான்.

பங்குனி மாதத்து முதல் போத்தல் மெல்லிய பச்சையாக மாறியது. கரைசல் பழையதாக இருக்கும் என்று தொட்டியில் ஊற்றிவிட்டான். அடுத்த திங்கள் நீலம். அதற்கடுத்த திங்களும் நீலம். மற்ற ஆறு குழாயும் வைக்கோல் நிறத்தில் சாதுவாக நிற்க, ஏழாவது மட்டும் மை ஊற்றியதுபோல நின்றது.

தன் சோதனையில் ஏதோ பிழை என்று நித்தியானந்தன் முடிவுகட்டினான். கண்ணாடிக் குழாய்களை அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவினான். கரைசல்களைப் புதிதாகக் கலக்கினான். ஜாம் போத்தலில் பழச்சாயம் ஒட்டியிருக்கலாம் என்று ஊறுகாய்ப் போத்தலுக்கு மாற்றினான். கறித்தூளில் உள்ள மஞ்சளும் வெந்தயமும் செய்கிற வேலையோ என்று, அவள் சமைத்ததையே சாப்பிடுகிற தன் சிறுநீரைச் சோதித்தான். அது மஞ்சளாகவே இருந்தது. அப்போதாவது புரிந்திருக்கவேண்டும். பெண்களின் உடம்பில் கறித்தூள் வேறு மாதிரி வேலைசெய்யுமோ என்று நூலகத்தில் இரண்டு நாள் தேடினான். இதைக் கேட்டால் சிரிப்பும் வருகிறது, அவனைப் பிடித்து உலுக்கவும் தோன்றுகிறது.

வீட்டில் அவன் இதைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒரு வரிதான். "பினசெற்றின் சோதினை சரிவருகுதில்லையப்பா." பினசெற்றின் என்பது ஏதோ கொடிய விஷம் என்று அவள் நினைத்திருந்தாள். தூள் என்று ஒரேயொரு தடவை அவன் சொல்லியிருந்தால் அவளுக்கு விளங்கியிருக்கும். மூன்று வருடமாக அந்தச் சொல் அவன் வாயில் வீட்டில் வரவில்லை.

"சரிவராட்டில் பிள்ளையைக் கூப்பிடேலாதோ?" என்று மட்டும் கேட்டாள்.

"பாப்பம்," என்றான் அவன். அந்த ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கதவு கூடுதல் நேரம் சாத்தியிருந்தது.

வைகாசி நடுப்பகுதியில் அவன் ஜோன்மேல் எரிந்து விழுந்தான். தூள் எடுத்த கையோடு ஏழாம் போத்தலைத் தொடுகிறாள், அதனால்தான் நீலமாகிறது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டான். ஜோனின் முகம் சிவந்துபோயிற்று. மூன்று பிள்ளைகளை வளர்த்தெடுத்தவள். அவனைவிடப் பத்து வயது மூத்தவள். குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீங்கள் உங்கள் மனைவியைக் கேட்டுப் பார்த்தீர்களா?"

"அவளை நான் ஏன் கேட்கவேண்டும்?"

ஜோன் அன்றிலிருந்து தூளை நிறுத்தினாள். நடுக்கமும் தலையிடியுமாக இரண்டு வாரம் கழித்தாள். அதன்பின் வந்த திங்கட்கிழமை, அவன் வரும்போது தாங்கியில் நான்கு குழாய்களைத் தயாராக வைத்திருந்தாள். ஒன்றில் வடித்த நீர், ஒன்றில் அவன் சிறுநீர், ஒன்றில் அவளுடையது, ஒன்றில் அவன் அன்று கொண்டுவந்த போத்தலில் இருந்து எடுத்தது. ஒரு துளியையும் தான் தொடாமல் அவனையே ஊற்றச் சொன்னாள். மூன்று குழாயும் நிறம் மாறாமல் இருந்தன. நான்காவது கீழிருந்து மேலாக நீலமாகிக்கொண்டு வந்தது.

சோதனையில் பிழை இல்லை. மிக அருமையான சோதனை. பன்னிரண்டு திங்கட்கிழமையும் அது சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தது. பன்னிரண்டு தடவையும் அவன் தன் கையாலேயே அந்தப் பதிலைச் சுமந்து வந்து தொட்டிக்குள் ஊற்றியிருந்தான். ஜோன் கதிரையை இழுத்துப் போட்டாள். "வீட்டுக்குப் போங்கள்," என்றாள்.

சிவனேஸ்வரி வேலையால் வந்து குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கத்துக்கு மாறாக அவன் முதலே வந்திருப்பதைக் கண்டு, "என்னப்பா, சுகமில்லையோ?" என்று கேட்டாள்.

"இஞ்சாரும். தலையிடிக்கு நீர் ஏதும் எடுக்கிறனீரோ?"

அவள் கை தண்ணீருக்குள் நின்றது. "தொழிற்சாலையிலை தேத்தண்ணி வண்டில்காரி தாறவள். தூள்தானே. எல்லாரும் எடுக்கிறவை."

"எத்தினை?"

"இடைக்கிடை ஒண்டு."

நூற்று நாற்பத்தேழு பெண்களின் பெயருக்கு எதிரே அவன் எழுதிய பதில். அதை அவள் தமிழில் சொன்னதுதான் வித்தியாசம். இனி எதைக் கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பருப்புச் சட்டியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ஒரு பெட்டி எத்தினை நாளைக்குக் காணும்?"

கணக்கு ரீச்சர் யோசிக்காமல் சொன்னாள். "திங்கள் வாங்கினால் புதனோடை முடிஞ்சிடும். ஞாயிறிலைதான் கூடப் போறது, கடிதம் எழுதினாப் பிறகு." பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "ஏனப்பா, அது கூடாதோ?" என்றாள்.

அவன் அங்கேயே நின்று அழுதான். கலியாணம் முடித்து ஒன்பது வருடத்தில் அவள் அதைக் கண்டதில்லை. தான் ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டதாக நினைத்து, "இனி எடுக்கமாட்டன், சத்தியமா எடுக்கமாட்டன்," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தியத்தை அவள் மீறவில்லை. முதல் வாரம் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளும் அளவுக்கு வலித்தது. அவன் லீவு எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து ஈரத்துணி போட்டான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர் வாசுதேவன் என்ற சென்னை டாக்டர். நித்தியானந்தனோடு புதன்கிழமைகளில் வேலைசெய்கிறவர். படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு விலகி நின்றார். எக்ஸ்ரே படத்தைப் படிக்கத் தெரியாதவனுக்குத்தான் அவர் சொல்லவேண்டும். நித்தியானந்தன் தானே பார்த்துக்கொண்டான். இடது சிறுநீரகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. வலதிலும் உள் நுனிகள் உதிரத் தொடங்கியிருந்தன. எலிகளில் அவன் நூறு தடவை பார்த்த படம்தான்.

"இரத்தப் பரிசோதனையும் நல்லா இல்ல சார்," என்றார் வாசுதேவன். "தூளை நிறுத்தினது நல்லது. சில பேருக்கு அதோட நின்னுடும். இவங்களுக்கு நிக்கும்னு எனக்குத் தோணல. ரெண்டு வருஷம், மூணு வருஷம். அதுக்கப்புறம் ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின்தான். அதுலயும் இடம் கிடைச்சாத்தான்."

"முதலே வந்திருந்தால்?"

"மூணு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட வலது பக்கம் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்." போத்தல்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "மேடத்துகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் சொல்லுறன்."

அவன் சொல்லவில்லை. வரும் வழியில் ரயிலில் அவளே ஆரம்பித்தாள். "நீங்கள் எலியளுக்கு ஒரு மருந்து குடுக்கிறியளெல்லே? நல்லாய் வேலைசெய்யுது எண்டனீங்கள். அதை எனக்கும் தரலாம்தானே?"

அந்த மருந்து வேலைசெய்யும்தான், தூளுக்கு முன்னால் கொடுத்தால். தூளுக்குப் பிறகு கொடுத்த எலிகளுக்கும் ஒன்றுமே கொடுக்காத எலிகளுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை. "அது இன்னும் மனுசருக்கு வரேல்லை," என்றான். "நீர் தண்ணியைக் கூடக் குடியும்."

யூன் கூட்டத்தில் அவன் ஏழாம் இலக்கத்தை மறைக்கவில்லை. மருந்தே தொடாதவர் என்று நம்பிச் சேர்த்த ஒரு பெண்ணைச் சோதனை காட்டிக்கொடுத்தது என்று சொன்னான். யார் என்று சொல்லவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று பேராசிரியர் மேசையில் தட்டினார். அந்த வாரமே மூன்று வருடத்துக்கான கடிதம் வந்தது. எல்லாரும் கை குலுக்கினார்கள். ஜோன் மட்டும் குனிந்து குழாய் கழுவிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமைப் போத்தல் நிற்கவில்லை. கொண்டுபோகச் சொன்னவள் சிவனேஸ்வரிதான். நீலம், மஞ்சள் எல்லாவற்றையும் இப்போது அவள் கேட்டு அறிந்திருந்தாள். பின்னேரம் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"என்ன நிறம்?"

"மஞ்சள்."

ஒவ்வொரு திங்களும் மஞ்சள்தான். தூளை நிறுத்தினால் இரண்டு நாளில் நீலம் போய்விடும். உதிர்ந்த சிறுநீரகம் திரும்பி வராது. அவள் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு அந்த இரண்டாவது பாதியைச் சொல்ல அவனால் முடியவில்லை. அடுத்த திங்கள் சொல்வோம், அதற்கடுத்த திங்கள் சொல்வோம் என்று தள்ளிக்கொண்டே போனான். கமலினிக்கு விமானச் சீட்டும் போட்டாயிற்று. ஆவணி பதினேழு. சின்னக் கட்டில் ஒன்று வாங்கி, அவளே தைத்த பூப்போட்ட விரிப்பையும் விரித்துவைத்தாள். இரவுகளில் கால் வீங்கியிருப்பதைச் செருப்பின்மேல் பழி போட்டாள்.

பிள்ளை புறப்படுவதற்கு முன் கடிதம் போய்ச் சேரக்கூடிய கடைசி ஞாயிற்றுக்கிழமை. சிவனேஸ்வரி வான்கடிதத்தை எழுதி முடித்து நீட்டினாள். அவன் வாசித்தான். "அம்மாவுக்கு இப்போது நல்ல சுகம். அப்பா ஒவ்வொரு கிழமையும் சோதித்துப் பார்க்கிறார். இனி அம்மாவும் நீயும் ஒருநாளும் பிரிந்திருக்கமாட்டோம்." அடியில் வழக்கம்போல இரண்டு வரி இடம்.

அவனுக்கு வழக்கமாக எழுதுவதை எழுதக் கை வரவில்லை. கடைசியில் எழுதினான்: "மகள், தலை இடித்தால் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒரு தரம் சொல்லி அப்பா கேட்காவிட்டால், கேட்கும்வரை சொல்லவேண்டும்."

"இதென்ன, ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுதிற விசயமே?" என்று சிரித்துக்கொண்டு தாளை வாங்கினாள் சிவனேஸ்வரி. ஓரத்தை நனைக்க நாக்கை நீட்டியவள் அப்படியே நின்று, இரண்டு வரியையும் திரும்ப வாசித்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. கடிதத்தை ஒட்டாமல் மேசையில் வைத்தாள்.

"மஞ்சள்தானே எண்டனீங்கள்?"

அவன் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டு இருந்தான். அவளுடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே படத்திலிருந்து சொல்லத் தொடங்கினான்.